கெலாடிப் பாலத்துக்கு ஒரு திருத்தம்

ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்குச் சங்கம் வைக்க நேரம் கிடைப்பதில்லை. அதை விட்டுத் தொலைத்தவர்களுக்குத்தான் நேரமும் இருக்கிறது, பதாகை அடிக்க மனமும் இருக்கிறது. குளுவாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் 1994இல் ‘சேவல்’ என்றொரு மாணவர் பத்திரிகை தொடங்கியது. அது மொத்தம் ஏழு முறை கூவியது. 1996இல் தொண்டை கட்டிக்கொண்டு நின்றுபோனது. அதில் நிருபர்களாக இருந்தவர்கள் ஒன்பது பேர். ஆனால் சேவல் முன்னாள் மாணவ நிருபர்கள் சங்கத்தில் இன்றைக்கு ஐம்பத்திரண்டு உறுப்பினர்கள். இது எப்படி என்று ஒருவர் கேட்டார். அவரை உதவித் தலைவராக்கிவிட்டார்கள், அப்புறம் அவர் கேட்கவில்லை.

இந்த ஐம்பத்திரண்டு பேரில் பத்திரிகை வேலைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. காப்புறுதி விற்கிறார்கள், வீடு விற்கிறார்கள், உடம்பு இளைக்கும் தேநீர் விற்கிறார்கள். இருந்தாலும் எல்லாருடைய பெயர் அட்டையிலும் ‘முன்னாள் இதழியலாளர்’ என்று தங்க எழுத்தில் இருக்கும். பத்தாம் ஆண்டில் ஒரு சாதனை மலர் போட்டார்கள், இருபதாம் ஆண்டில் அதைவிடத் தடியாக ஒன்று. இந்த வருடம் முப்பதாம் ஆண்டு. பத்திரிகை நின்றுபோய் முப்பது ஆண்டு ஆனதைத்தான் கொண்டாடுகிறார்கள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அசல் ஒன்பது பேரில் ஒருவர் ஜெயபாலன். வயது நாற்பத்தாறு. குளுவாங்குக்கு வெளியே கெலாடித் தோட்டத்தில் குடியிருக்கிறார். பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி வேலை. குலை ஏற்றிய லாரி வரும், மேடையில் ஏறும், எடையைக் குறிப்பார். குலையை இறக்கிவிட்டு அதே லாரி திரும்ப வரும், மறுபடியும் எடையைக் குறிப்பார். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் பழம். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்து செய்து, எதைப் பார்த்தாலும் லாரி எவ்வளவு, பழம் எவ்வளவு என்று மனசுக்குள் கழித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

ஜூன் மாதம் சங்கத்திலிருந்து சாதனை விவரப் படிவம் வந்தது. பதினான்கு பக்கம். ‘உங்களுக்குக் கீழ் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள்?’ என்று முதல் கேள்வி. ஜெயபாலனுக்குக் கீழே எடைமேடை மட்டுமே இருந்தது. ‘பிரமுகர்களுடன் எடுத்துக்கொண்ட படங்கள் எத்தனை? பத்துக்குக் குறைந்தால் காரணம் கூறுக’ என்று அடுத்த கேள்வி. ‘தொழில்வாழ்க்கையில் தங்கள் தலையாய சாதனை’ என்று போட்டுக் கீழே ஒன்றரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஜெயபாலன் பேனாவை எடுத்தார், பெயரை எழுதினார், பேனாவை மூடிப் படிவத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார்.

அவருக்கு வேறு கவலை இருந்தது. கெலாடித் தோட்டத்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. சாதாரண நாளில் கல்லில் கால் வைத்துத் தாண்டிவிடலாம், மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போகலாம். நவம்பர் மழை பிடித்துவிட்டால் ஓடை ஆறாகிவிடும். சுற்றிப் போகப் பதினேழு கிலோமீட்டர், அதுவும் செம்மண் பாதை, அந்தப் பாதையிலும் பாதி நாள் தண்ணீர். போன வருடம் பக்கத்து வீட்டு ஜேடன் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வின் வரலாற்றுத் தாளை எழுத முடியாமல் கரையில் நின்று அழுதான். இந்த வருடம் ஜெயபாலனின் மகள் லோஷினியும் இன்னும் நான்கு பிள்ளைகளும் அதே தேர்வை எழுத வேண்டும். நவம்பருக்கு முன்னால் ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும். ஜெயபாலனுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பாலங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனார். அந்த அலுவலகத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும். நான்காம் சேவை முகப்பில் பிரேமலா என்ற அம்மா இருந்தார். நல்லவர். கணினியைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“கெலாடியில பாலம் இருக்குதே சார்.”

“இல்லீங்கம்மா. நான் அங்கதான் குடியிருக்கேன். எம் மக பரீட்சைக்குத் தாண்டிப் போகணும்.”

“நீங்க அங்க குடியிருக்கீங்க, சரி. ஆனா ஃபைல்ல பாலம் இருக்கு. 1996ல தொறந்தாச்சி. ஆதாரம்கூட இருக்குலா, பாருங்க.”

திரையை அவர் பக்கம் திருப்பினார். சாதனை மலரின் ஒரு பக்கம். சங்கத் தலைவர் மலர்களை அடித்ததும் ஊரில் உள்ள எல்லா அலுவலகத்துக்கும் தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். அலுவலகத்தில் கெலாடியைப் பற்றி வேறு காகிதமே இல்லாததால் அந்த மலரையே ஆதாரமாகச் சேர்த்திருந்தார்கள். மலரில் ‘சேவல்’ ஏழாம் இதழின் முதல் பக்கம் பெரிதாக அச்சாகியிருந்தது. ‘கெலாடிப் பாலம் திறப்பு: மக்கள் ஆரவாரம்’. கீழே, ‘நமது நிருபர் ஜெ. ஜெயபாலன்’.

ஜெயபாலனுக்கு முகம் சிவந்து காது வரை சுட்டது. முப்பது வருடமாக மறைத்து வைத்திருந்த அவமானம் நான்காம் முகப்பில் வந்து உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். 1996இல் அந்த ஓடையின் இரு கரையிலும் கரைக்கொரு சிமெண்டுத் தூண் நட்டார்கள். வெள்ளிக்கிழமை மேலே போடும் பலகை வரும், சனிக்கிழமை திறப்புவிழா என்று ஏற்பாடு. ஆனால் பத்திரிகையை வியாழக்கிழமையே அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். “நம்ம பேப்பர் கைக்கு வரும்போது பாலம் தொறந்திருக்கும்லா. தொறந்தாச்சின்னே எழுதுடா” என்றார் மாணவ ஆசிரியர் தோமஸ். பதினாறு வயது ஜெயபாலன் வியாழக்கிழமையே சனிக்கிழமையை எழுதினான். மக்கள் ஆரவாரம் செய்தார்கள், மாட்டுக்காரர் ஒருவர் கண்கலங்கினார் என்றெல்லாம் எழுதினான். வெள்ளிக்கிழமை பேய்மழை. பலகை லாரி வழியில் சிக்கிக்கொண்டது. பிரமுகர் வரவில்லை, பலகையும் வேறு ஊர் விழாவுக்குப் போய்விட்டது. மாட்டுக்காரர் மட்டும் சொன்னபடி கண்கலங்கினார். அவருடைய கொட்டகைத் தகரத்தைக் கழற்றித்தான் பந்தல் போட்டிருந்தார்கள். அடுத்த இதழில் திருத்தம் போடலாம் என்றார் தோமஸ், சொன்னதோடு மறந்தும் போனார். அடுத்த இதழ் வரவே இல்லை. தூண்கள் இரண்டும் இன்னும் நிற்கின்றன, கொக்கு உட்காருவதற்கு.

“இது நான் எழுதினதும்மா. தப்பா எழுதிட்டேன்” என்றார் ஜெயபாலன்.

பிரேமலா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க வாயால சொன்னா எடுபடாது சார். அச்சில வந்தத அச்சிலதான் மாத்தணும். வெளியிட்ட பத்திரிகையே ஒரு திருத்தம் போட்டு, இதழ் நம்பர், பக்கம் நம்பரோட கொண்டாங்க. நான் ஃபைலத் தொறந்து விடறேன்.”

ஆக, மூன்று வரி போதும். ஜெயபாலன் ஆலைக்குத் திரும்பியதும் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: ‘சேவல் ஏழாம் இதழில் கெலாடிப் பாலம் திறக்கப்பட்டதாக வெளிவந்த செய்தி தவறு. பாலம் கட்டப்படவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.’ இதை முப்பதாம் ஆண்டு மலரில் ஒரு மூலையில் போட்டால் முடிந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சங்கக் கூட்டம் பெர்மாஸ் ஜெயாவில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் நடந்தது. அங்கேதான் தலைவர் டாக்டர் தோமஸின் வீடு விற்கும் அலுவலகம் இருக்கிறது. டாக்டர் என்றால் கௌரவ டாக்டர். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தை உலகப்படத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் தொடங்கியதும் வெண்கலச் சேவலுக்கு மாலை போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று சங்கப் பாடல் பாடினார்கள், அதில் நான்கு இடத்தில் கூவ வேண்டும். பிறகு வந்திருந்தவர்களை அறிமுகப்படுத்தினார்கள். ஏற்கனவே முப்பது வருடமாகப் பழகியவர்கள் ஒருவரை ஒருவர் பட்டங்களோடு அறிமுகப்படுத்திக்கொள்ள ஐம்பது நிமிடம் ஆனது. கீழே யாருக்கோ பல் பிடுங்கும் சத்தம் இடையிடையே கேட்டது.

அடுத்து, மலருக்கு வந்திருந்த சாதனைகளைச் செயலாளர் கஸ்தூரி வாசித்தார். அவர் தன்முனைப்புப் பயிற்சியாளர், வணக்கம் சொன்னாலே மூன்று பேர் கைதட்டுவார்கள். “டாக்டர் தோமஸ், எழுதுகோலால் பாலம் கட்டியவர். கெலாடி மக்களின் கண்ணீரைத் துடைத்தவர்.” கைதட்டல். “அடியேன் கஸ்தூரி, கெலாடிப் பாலத் திட்டத்தின் மனித உறவுப் பிரிவை வழிநடத்தியவர்.” கஸ்தூரி அப்போது மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தார், பத்திரிகையை நான்காக மடிக்கும் வேலை அவருக்கு. “குத்தகையாளர் செல்வா, பள்ளிப் பருவத்திலேயே பாலம் கண்டவர்.” அதற்கும் கைதட்டல். இப்படியே பத்தொன்பது பேர் அந்தப் பாலத்தைக் கட்டியிருந்தார்கள். ஜெயபாலன் ஒவ்வொருவராக மனசுக்குள் மேடையில் ஏற்றி எடை பார்த்தார். எல்லாம் லாரியாகவே இருந்தது, ஒரு குலைகூட இறங்கவில்லை.

தம் முறை வந்ததும் எழுந்து நின்றார். “டாக்டர், நான் எழுதின நியூஸ்ல ஒரு தப்பு இருக்கு. மலர்ல ஒரு திருத்தம் போடணும். மூனு வரிதான். எழுதிட்டே வந்துட்டேன்.”

டாக்டர் தோமஸ் சீட்டை வாங்கினார், படிக்காமலே கஸ்தூரியிடம் கொடுத்தார். ஆசிரியராக இருந்த காலத்திலும் அவர் எதையும் படித்ததில்லை.

“ஜெயா, ஒன்னு சொல்றேன் கேளு. பேப்பர்ல தப்பு வந்தா, அன்னிக்கு அது தப்பு. பத்து வருஷம் யாரும் கேக்கலன்னா அது கருத்து. முப்பது வருஷம் கேக்கலன்னா அது வரலாறு. வரலாற்ற மாத்த நம்ம யாரு? இருந்தாலும் நீ சீனியர். ஜனநாயக முறைப்படி ஒரு குழு போட்டுடுவோம்.”

திருத்த ஆய்வுக் குழு அமைந்தது. கஸ்தூரி தலைவர், செல்வா உறுப்பினர், ஆலோசகர்கள் மூன்று பேர், ஆலோசகர்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். முதல் அமர்வில் மூன்றாம் வரியை எடுத்துக்கொண்டார்கள். ‘வருந்துகிறோம்’ என்றால் யார் வருந்துவது? பாலத்தைக் கட்டியதாகப் பேர் வாங்கியவர்கள் வருந்த முடியாது. வாங்காதவர்கள் ஏற்கனவே வருந்திக்கொண்டிருக்கிறார்கள். வரி நீக்கப்பட்டது. இரண்டாம் அமர்வில் ‘கட்டப்படவில்லை’.

“இதுல ‘இல்லை’ வருது ஜெயா” என்றார் கஸ்தூரி கனிவாக. “எதிர்மறை வார்த்த. படிக்கிறவங்க மனசு சோர்ந்து போயிடும். ‘இருக்கு’ன்னு நெனைங்க. நெனச்சா வரும்.”

“முப்பது வருஷமா நெனச்சிட்டுத்தாங்க இருக்கோம்.”

“இன்னும் ஆழமா நெனைங்க.”

இரண்டாம் வரியும் போனது. மூன்றாம் அமர்வில் ‘தவறு’ என்ற சொல் கடுமையாக இருப்பதாக ஆலோசகர்கள் கருதினார்கள். இந்த மூன்று அமர்விலும் அந்த ஓடையில் பாலம் இருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். முன்னாள் நிருபர்கள் ஐம்பத்திரண்டு பேர் கொண்ட சங்கம் அது. ஆகஸ்டு கடைசியில் இறுதி வடிவம் ஜெயபாலனின் கைப்பேசிக்கு வந்தது: ‘சேவல் ஏழாம் இதழ், காலத்தை முந்திய இதழ்.’

ஜெயபாலன் அதை மனைவி சாந்தினியிடம் காட்டினார். சாந்தினி துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஓடையைத் தாண்டி வந்திருந்தார், காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“இத வெச்சி ஓடையத் தாண்ட முடியுமாங்க?” என்றார்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் டாக்டர் தோமஸ் ஓர் அறிவிப்புப் போட்டார். முப்பதாம் ஆண்டு விழாவுக்கு மாண்புமிகு ஒருவர் இசைந்திருக்கிறார், விழா மண்டபத்தில் அல்ல, சேவலின் தலையாய சாதனையான கெலாடிப் பாலத்தின் மீதே நடக்கும், பாலத்தின் நடுவில் வெண்கலச் சேவல் நிறுவப்படும். நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. ஜெயபாலன் எடைமேடையை நிறுத்திவிட்டு அழைத்தார். பின்னால் ஏழு லாரி நின்றது.

“டாக்டர், அங்க பாலம் இல்ல.”

“எந்தப் பக்கம் இல்ல?”

“ரெண்டு பக்கமும் இல்ல. நடுவுலயும் இல்ல. மொத்தமா இல்ல டாக்டர்.”

உண்மையாகவே நொந்துபோன குரலில், “அலமாக், அப்ப நான் என்னாதான்டா சாதிச்சேன்?” என்றார் டாக்டர் தோமஸ். கொஞ்சம் கழித்துக் கோபம் வந்தது. “ஏன் மொதல்லயே சொல்லல?”

“மூனு வரியில எழுதிக் குடுத்தேனே.”

“அது நல்லா இருந்துச்சின்னு சொன்னாங்க.”

அவசரக் கூட்டம் கூடியது. முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, மலரில் மூன்று வரித் திருத்தம் போட்டு, மாண்புமிகுவிடம் விழாவை மண்டபத்துக்கு மாற்றச் சொல்வது. இரண்டு, விழாவுக்குள் பாலத்தைக் கட்டிவிடுவது. டாக்டர் தோமஸ் மேசையைத் தட்டிப் பேசினார். “நாம பத்திரிகைக்காரங்க. நம்ம வாயிலேருந்து ‘தப்பு’ன்னு ஒரு வார்த்த வரலாமா? அதுக்குப் பதிலா ஒரு பாலத்தக் கட்டிட்டுப் போலாம்!” வாக்கெடுப்பில் பாலத்துக்கு ஐம்பத்தொரு வாக்கு. ஜெயபாலன் இரண்டுக்கும் கை தூக்கியதால் அவருடைய வாக்கு செல்லாது என்று அறிவித்தார்கள்.

குத்தகையாளர் செல்வாவிடம் வேறொரு வேலையில் மிஞ்சிய சிமெண்டுப் பாளங்கள் இருந்தன. ஆட்களையும் பாரந்தூக்கியையும் கூட்டிக்கொண்டு கெலாடிக்கு வந்தார். ஜெயபாலன் தயங்கித் தயங்கி, “பெர்மிட் எடுத்துட்டீங்களா செல்வா?” என்று கேட்டார்.

“முப்பது வருஷத்துக்கு முன்ன தொறந்த பாலத்துக்கு இப்ப யாராவது பெர்மிட் எடுப்பாங்களா, அண்ணே?” என்றார் செல்வா. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்பதே நாளில் பாலம் எழுந்தது. உண்மையிலேயே நல்ல பாலம். மோட்டார்சைக்கிள் இரண்டு எதிரெதிரே போகலாம். அதற்குப் பிறகுதான் கடினமான வேலை தொடங்கியது, அதற்கு முப்பது வயது ஆக்க வேண்டும். தொன்மைக் குழு என்று ஒன்றைப் போட்டார்கள். கஸ்தூரி தம் வீட்டு மீன்தொட்டியிலிருந்து பாசியைச் சுரண்டி வாளியில் கொண்டுவந்தார், போதாமல் பச்சைச் சாயமும் வாங்கினார்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு உப்புத் தண்ணீர் அடித்துத் துருப்பிடிக்க வைத்தார்கள். உறுப்பினர்கள் காலணியைச் சேற்றில் தோய்த்துக்கொண்டு பாலத்தில் மேலும் கீழும் நடந்தார்கள். ஓரத்தில் ‘1996’ என்று பொறித்து, அதில் ஒரு 9இன் வாலைக் கொஞ்சம் உடைத்தும் விட்டார்கள். கெலாடி மக்கள் கரையில் நின்று இதையெல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. பாலம் வருகிறதென்றால் அதன் மேல் யார் எதைப் பூசினால் அவர்களுக்கு என்ன?

விழா அன்று மாண்புமிகு வந்தார். பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடியைத் தட்டிப் பேசினார். “பாருங்க, அந்தக் காலத்து வேலன்னா வேலதான். முப்பது வருஷம் ஆச்சி, ஒரு விரிசல் உண்டா? இப்ப கட்டறானுங்களே, மூனு மாசம் தாங்குதா? அதோட, நல்லா பராமரிக்கிறாங்க.” உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார், பச்சையாக இருந்தது. “பெயின்ட்கூட இன்னும் காயல!” எல்லாரும் கைதட்டினார்கள். அவர் பேசியது மறுநாள் நாலைந்து இணையச் செய்தித் தளங்களில் அப்படியே வந்தது.

ஜெயபாலனுக்குப் ‘பாலச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்து ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். சட்டைப்பையில் மூன்று வரி இருந்தது. அதை எடுக்கப் போனார். முன்வரிசையில் சாந்தினி இருந்த இடத்திலிருந்தே உதட்டை அசைத்தார். “வாய மூடிட்டு நில்லுங்க. பாலம் வந்துருச்சி.” ஜெயபாலன் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேடையை விட்டு இறங்கும்போது அவருக்கு அழுகை வந்தது. பதினாறு வயதில் எழுதிய பொய் ஒருவழியாக உண்மையாகிவிட்டது, தேதி மட்டும்தான் தவறு. மக்களும் ஆரவாரம் செய்தார்கள். மாட்டுக்காரருடைய பேரப்பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள்.

அந்த நிம்மதி மூன்று வாரம் நீடித்தது. அக்டோபர் கடைசியில் பாலத்தின் இரண்டு முனையிலும் மஞ்சள் பலகை அடித்தார்கள். இவ்வகைச் சிறுபாலங்களின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு, இந்தப் பாலம் ஆயுள் கடந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது, நவம்பர் பத்தாம் தேதி இடிக்கப்படும். தேர்வு நவம்பர் பதினேழாம் தேதி.

ஜெயபாலன் நான்காம் முகப்புக்கு ஓடினார்.

“போன மாசம் கட்டின பாலம்மா அது!”

“சார், ஃபைல்ல முப்பது வருஷம்னு இருக்கு. மாண்புமிகு ஒய்.பி.யே கை வெச்சிப் பாத்து முப்பது வருஷம்னு சொல்லிட்டாரு, நியூஸ்ல வந்துருச்சி. அதப் பாத்துத்தான் மேலிடத்துல முடிவு எடுத்துட்டாங்க.” பிரேமலாவுக்கே சங்கடமாக இருந்தது. குரலைத் தாழ்த்தினார். “நான் அன்னிக்கே சொன்னேன்லா? வெளியிட்ட பத்திரிகையே ஒரு திருத்தம் போட்டா…”

மறுநாள் பெர்மாஸ் ஜெயா. டாக்டர் தோமஸ் புது மலரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நானூறு பக்கம்.

“பிரிண்ட் ஆயிடுச்சே ஜெயா. இனிமே எங்க திருத்தறது?”

“டாக்டர், பாலத்த இடிக்கப் போறாங்க. அஞ்சி புள்ளைங்க பரீட்ச எழுதணும்.”

“இடிக்கட்டுமே. வேதனதான். ஆனா யோசிச்சிப் பாரு, நாப்பதாம் ஆண்டு மலர்ல ‘இடிக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம்’னு போட்டா எவ்ளோ கனமா இருக்கும்!”

ஜெயபாலன் வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தியவர் அல்ல. லாரிக்காரர்கள் திட்டினால்கூடச் சீட்டை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அவர் சொன்னது கீழே பல் மருத்துவமனை வரை கேட்டது. “கனமெல்லாம் லாரிதான் டாக்டர்! ஒங்களுக்குள்ள பழமே இல்ல!” டாக்டர் தோமஸுக்கு இது புரியவில்லை, பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியிலிருந்து ஏழாம் இதழை எடுத்தார். பழுப்பேறியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஒரு வரி: ‘செய்திகளுக்கும் திருத்தங்களுக்கும் அந்தந்த நிருபரே பொறுப்பு.’ இரண்டு முறை படித்தார். லோஷினியைக் கூப்பிட்டார்.

“தமிழ்ல டைப் அடிக்கத் தெரியும்ல ஒனக்கு?”

“தெரியும்பா. என்னா அடிக்கணும்?”

“மேல பெருசா ‘சேவல்’. அதுக்குக் கீழ, எட்டாம் இதழ்.”

மறுநாள் காலை குளுவாங்கில் ஒரு நகலெடுக்கும் கடையில், முப்பது வருடத்துக்குப் பிறகு சேவல் எட்டாம் முறை கூவியது. ஒரே தாள், ஒரே பக்கம். அதில் மூன்று வரி மட்டும் இருந்தது. ‘சேவல் ஏழாம் இதழில் கெலாடிப் பாலம் 1996இல் திறக்கப்பட்டதாக நான் எழுதிய செய்தி தவறு. பாலம் இந்த ஆண்டு செப்டம்பரில்தான் கட்டப்பட்டது. தவறுக்கு வருந்துகிறேன்.’ கீழே ‘நமது நிருபர் ஜெ. ஜெயபாலன்’. ஐம்பது பிரதி எடுத்தார். கடைக்காரர் ஒன்றைப் படித்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா நியூஸ்?” என்று கேட்டார். இவ்வளவுதான் என்றார் ஜெயபாலன்.

பிரேமலா அந்தத் தாளை வாங்கி இதழ் எண்ணைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பக்க எண்ணைப் பார்த்தார். “எல்லாம் சரியா இருக்கு சார்” என்றார் சந்தோஷமாக. முத்திரை குத்தினார். கணினியில் தட்டினார். முப்பது வயதுப் பாலம் திரையிலிருந்து மறைந்தது. உடனே அவர் முகமும் மாறியது.

“ஐயோ, சார். அப்ப இது பெர்மிட் இல்லாம கட்டின பாலம்.”

ஜெயபாலன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இடிச்சிடுவாங்களா?”

“இடிக்கவா? அலமாக், தொடவே கூடாதுலா! விசாரணை நடக்கணும். அது வேற அலுவலகம், வேற மாடி. அங்க ஒரு கேஸு முடிய அஞ்சி வருஷம் ஆகும். அதுவரைக்கும் பாலம் சாட்சிப் பொருள். யாராவது ஒரு கல்ல பேத்தாலும் அவங்க மேல கேஸு.” சுவரில் நாட்காட்டியைப் பார்த்தார். “ஒங்க மக பரீட்ச எப்ப?”

நவம்பர் பதினேழாம் தேதி காலை மழை கொட்டியது. ஓடை இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு ஓடியது. பாலத்தின் மேல் பூசிய பாசியெல்லாம் கழுவிக்கொண்டு போய், அது புத்தம் புதிதாக வெள்ளையாய் நின்றது. ‘விசாரணையில் உள்ளது. சேதப்படுத்துபவர் தண்டிக்கப்படுவர்’ என்ற பலகையைத் தாண்டி ஐந்து பிள்ளைகள் மழைச்சட்டையோடு நடந்தார்கள். போன வருடம் தவறவிட்ட தாளை இந்த முறை எழுதப் போகும் ஜேடன் ஆறாவதாகப் போனான். லோஷினி நடுவில் நின்று திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். ஜெயபாலன் வேலைக்கு நேரமாகியும் அங்கேயே நின்றார்.

அன்று சாயங்காலம் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். ‘தொழில்வாழ்க்கையில் தங்கள் தலையாய சாதனை’ என்ற இடத்தில், ஒன்றரைப் பக்க வெறுமையின் உச்சியில், ‘ஒரு திருத்தம் வெளியிட்டேன்’ என்று எழுதி அனுப்பினார்.

ஒரு வாரத்தில் கஸ்தூரி அழைத்தார்.

“ஜெயா, நீங்க அனுப்பினது சாதனையில வராது. குழுவுல பேசிப் பாத்தோம். ஆனா எட்டாம் இதழ டாக்டர் ரொம்ப ரசிச்சாரு. முப்பது வருஷம் கழிச்சி சேவல மறுபடியும் எழுப்பினவரு டாக்டர் தோமஸ்தான்னு அடுத்த மலர்ல போட்டுக்கலாமா? அவருக்கு ஒரு சாதன கொறையுது.”

லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. ஜெயபாலன் எடையைக் குறித்துக்கொண்டார்.

“போட்டுக்குங்க” என்றார். “ஒன்பதாம் இதழ்ல திருத்தம் வரும்.”